சென்னை – சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

என் அத்தை முதன்முதலாகச் சிங்கப்பூர் கிளம்பியபோது டிக்கெட் அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்தார். போகும்போது சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00-க்கு இறங்குகிறது. திரும்பும்போது அங்கே இரவு 8.00-க்குக் கிளம்பி இங்கே 9.45-க்கே வந்துவிடுகிறது. "போறதுக்கு ஆறே முக்கால் மணி நேரம், வர்றதுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரமா? வரும்போது என்னடா, இறக்கமா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான். அந்தத் தாளில் பயண நேரம், கடிகார வித்தியாசம் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரித்தெடுக்க ஒரு சின்ன வித்தை உண்டு. இரண்டையும் கூட்டுங்கள்: எட்டரை மணி நேரம். அதில் பாதி, நாலே கால். அதுதான் ஒரு வழிக்கு விமானத்தில் கழியும் நேரம். இனி பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: ஐந்து மணி நேரம். அதில் பாதி, இரண்டரை. அதுதான் இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம். போக வர ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்கும் எந்த இரு ஊருக்கும் இது சரியாக வரும்.

டிக்கெட் கையில் இருப்பவருக்கு இது போதும். டிக்கெட் போடும் முன்பே தூரத்தையும் நேரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கணக்கைக் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து போட வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை.

முதல் படி: இரண்டு புள்ளிகள்

ஊருக்கும் ஊருக்கும் அளக்காதீர்கள், விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் அளங்கள். கைபேசி வரைபடத்தில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை.

சென்னை மீனம்பாக்கம்: 12.99 வடக்கு, 80.17 கிழக்கு.
சிங்கப்பூர் சாங்கி: 1.36 வடக்கு, 103.99 கிழக்கு.

இரண்டு தசம இடம் போதும், அதில் வரும் பிழை ஒரு கிலோமீட்டர் அளவுதான். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள ஊராக இருந்தால் அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். கிரீன்விச் கோட்டுக்கு, அதாவது 0 டிகிரி தீர்க்கரேகைக்கு, மேற்கே இருந்தால் தீர்க்கரேகைக்கு அதே விதி. லண்டன் ஹீத்ரோ அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே இருக்கிறது, அதனால் அதன் தீர்க்கரேகை மைனஸ் 0.45. இந்தக் குறியை விட்டுவிட்டுத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மீனம்பாக்கத்தைப் புள்ளியாக வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை. 1802-இல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது முதல் அடிக்கோட்டை இந்த மலையடிவாரத்தில்தான் சங்கிலி போட்டு அளந்தார். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள கோடு. பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் அந்த வேலையின் நோக்கங்களில் ஒன்று. நாம் இப்போது போடப் போகும் கணக்குக்கும் அந்த வளைவுதான் அடிப்படை.

இரண்டாம் படி: கோணம்

பூமி உருண்டை என்பதால் அதன் மேல் இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதையும் வளைவாகத்தான் இருக்கும். அந்த வளைவு பூமியின் நடுப்புள்ளியில் எத்தனை டிகிரி கோணம் காட்டுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் தூரம் தானாக வந்துவிடும். சூத்திரம் இது:

காஸ் (கோணம்) = சைன் (முதல் அட்சரேகை) × சைன் (இரண்டாம் அட்சரேகை) + காஸ் (முதல் அட்சரேகை) × காஸ் (இரண்டாம் அட்சரேகை) × காஸ் (தீர்க்கரேகை வித்தியாசம்)

கைபேசிக் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் பெரும்பாலான கருவிகளில் சைன், காஸ் பொத்தான்கள் தெரியும். அது டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் ஒரு தடவை ரேடியனில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சூத்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். சோதிக்க எளிய வழி: சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும்.

இப்போது நம் எண்கள். தீர்க்கரேகை வித்தியாசம் 103.99 – 80.17 = 23.82.

சைன் 12.99 = 0.2248, சைன் 1.36 = 0.0237. பெருக்கினால் 0.0053.
காஸ் 12.99 = 0.9744, காஸ் 1.36 = 0.9997, காஸ் 23.82 = 0.9148. மூன்றையும் பெருக்கினால் 0.8912.
கூட்டினால் 0.8965.

இதற்குத் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 26.3 டிகிரி.

மூன்றாம் படி: கோணத்தைக் கிலோமீட்டராக மாற்றுவது

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. 26.3-ஐ 60-ஆல் பெருக்குங்கள்: 1,578. இது கடல் மைலில் தூரம். வேறெந்த மாற்றமும் வேண்டாம். ஒரு டிகிரியில் 60 நிமிடம், ஒரு நிமிட வளைவுக்கு ஒரு கடல் மைல் என்று வைத்துத்தான் அந்த அளவையே உண்டாக்கினார்கள். கப்பல்காரர்களிடமிருந்து விமானிகளுக்கு அப்படியே வந்து சேர்ந்தது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால், 1,578-ஐ அதனால் பெருக்கினால் சுமார் 2,920 கி.மீ.

வேறு இடங்களில் இதைவிட நாலைந்து கிலோமீட்டர் கூடவோ குறையவோ பார்த்தால் குழம்ப வேண்டாம். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதையும் கணக்கில் சேர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் மாறும்.

சைன், காஸ் என்றாலே ஒவ்வாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. அட்சரேகை வித்தியாசம் 11.63. தீர்க்கரேகை வித்தியாசம் 23.82, இதை இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையின் காஸ் மதிப்பால், அதாவது 0.992-ஆல் பெருக்கினால் 23.63. அப்புறம் பள்ளியில் படித்த பிதாகரஸ்தான்: இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 26.34 டிகிரி. கி.மீ.-இல் சுமார் 2,927. அசல் விடையோடு பத்து கி.மீ. கூட வித்தியாசம் இல்லை.

இதை நம்பி லண்டனுக்குப் போய்விடாதீர்கள். சென்னை – லண்டனுக்கு இதே குறுக்கு வழி சுமார் 8,700 கி.மீ. என்று சொல்லும். சரியான சூத்திரம் தருவது சுமார் 8,230. கிட்டத்தட்ட 470 கி.மீ. பிழை, அதாவது அரை மணி நேரப் பறப்பு! நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்களுக்குள் குறுக்கு வழி நன்றாக வேலை செய்யும். வடக்கே போகப் போகக் காலை வாரும்.

திருச்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர் தெற்கே இருக்கிறது, திருச்சியும் சென்னைக்குத் தெற்கே, ஆகவே திருச்சியிலிருந்து கிட்டம் என்று நினைப்பவர்கள் நிறைய. கணக்குப் போட்டால் திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ.; சென்னையைவிட 60 கி.மீ. அதிகம். தெற்கே வந்ததில் மிச்சமானதைவிட மேற்கே தள்ளியிருப்பதில் இழப்பது கூடுதல். அதற்காகத் தஞ்சாவூர்க்காரர் சென்னைக்கு வந்து ஏறினால் பகல் முழுக்கப் பேருந்திலேயே போய்விடும் என்பது வேறு கதை.

நான்காம் படி: விமானம் உண்மையில் போகும் தூரம்

நாம் கண்டுபிடித்த கோட்டை வரைபடத்தில் போட்டால் அழகான பாதை கிடைக்கும். வங்கக் கடலைக் கடந்து, கிரேட் நிக்கோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனைக்கு ஏறக்குறைய 20 கி.மீ. தெற்கே போய், மலாக்கா நீரிணையைத் தாண்டி, கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து சாங்கியில் முடியும்.

விமானம் அந்தக் கோட்டின் மேலேயே கயிறு பிடித்தாற்போலப் போகாது. வானத்தில் வகுத்திருக்கும் வழித்தடங்களில் போக வேண்டும். சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஒவ்வொரு வான்பகுதிக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டு மையம் உண்டு. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறிக்கொண்டே போகும். பெரிய இடிமேகம் நின்றால் சுற்ற வேண்டும். சாங்கியில் நெரிசல் என்றால் இறங்கும் முன் வட்டமடிக்க வேண்டும். நான் 3 விழுக்காடு கூட்டிக்கொள்வேன்: 2,920-க்கு 3,010 கி.மீ. வரும். சுருக்கமாக 3,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

சில வழிகளில் 3 விழுக்காடு பக்கத்திலேயே வராது. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு ஹெல்சிங்கி – டோக்கியோ விமானங்கள் சுமார் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து 13 மணி நேரத்துக்குப் போய்விட்டன. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள் கோட்டுக்குக் கீழே எந்தெந்த நாடு இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. நம் சிங்கப்பூர் வழியில் அந்தத் தலைவலி இல்லை, முக்கால்வாசி கடல்தான்.

ஐந்தாம் படி: தூரத்தை நேரமாக்குவது

இந்த வழியில் அதிகம் ஓடும் ஒற்றை நடைபாதை விமானங்கள், அதாவது ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகள், உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். இரண்டு நடைபாதை உள்ள போயிங் 787 போன்றவை 900 வரை. 3,000 கி.மீ.-க்கு இந்த வித்தியாசம் பதினேழு நிமிடம்தான் தரும். அதற்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கணக்குக்கு 850 என்று வைத்துக்கொள்வோம். 3,010-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 32 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் அதற்கு 18 நிமிடம் சேர்த்தால் 3 மணி 50 நிமிடம். சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை இவ்வளவு.

டிக்கெட்டில் போடுவது இதை அல்ல. கதவடைத்து நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல், அங்கே போய் நிற்கும் வரை உள்ள நேரத்தைத்தான் போடுவார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் வரிசையில் நிற்கவும் 15 நிமிடம், அங்கே இறங்கி ஊர்ந்து வர 10 நிமிடம். ஆக 4 மணி 15 நிமிடம். அத்தையின் டிக்கெட்டிலிருந்து பிரித்தெடுத்த அதே நாலே கால். தாமதமானாலும் சமாளிக்கட்டும் என்று அட்டவணையில் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்து நாலரை வரை போடுவதும் சகஜம். தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய் நிற்கும் அதிசயம் இப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது காற்று. கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போய்விடும், மேற்கே போவது தாமதமாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். டெல்லி, லண்டன் போன்ற வடக்கு அட்சங்களில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்றால் அது உண்மை. நம் வழியில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள். அதை 1950-களில் விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். கீழே தரையில் மேற்குக் காற்று, மேலே பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் கிழக்குக் காற்று! ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூருக்குப் போகும்போது எதிர்காற்றும், வரும்போது பின்காற்றும் கிடைக்கலாம். 60 கி.மீ. எதிர்காற்று என்றால் வேகம் 830-லிருந்து 770-ஆகக் குறையும், பின்காற்று என்றால் 890-ஆகக் கூடும். 3,000 கி.மீ.-க்குப் போக வர அரை மணி நேரம் வித்தியாசம். அத்தை சொன்ன 'இறக்கம்' முழுக்கத் தப்பில்லை, கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

ஆறாம் படி: கடிகாரம்

இந்திய நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னால். வித்தியாசம் இரண்டரை. கணக்கை எப்போதும் ஒரே ஊர் நேரத்தில் போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் மாற்றுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

போகும்போது: இரவு 11.15 + 4.15 = அதிகாலை 3.30 (நம் நேரம்). இரண்டரை கூட்டினால் 6.00.
வரும்போது: இரவு 8.00 + 4.15 = நள்ளிரவு 12.15 (சிங்கப்பூர் நேரம்). இரண்டரை கழித்தால் இரவு 9.45.

சூரியனை நம்பிக் கணக்குப் போட்டால் இந்த இரண்டரை வராது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. நம் 23.82 டிகிரிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் வர வேண்டும். மீதியெல்லாம் மனிதர்கள் சேர்த்தது. சிங்கப்பூர் முன்பு ஏழரை மணி நேரக் கணக்கில் இருந்தது. மலேசியாவோடு சேர்ந்து 1982 தொடக்கத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணிவாக்கில் உதிக்கிறது. ஆறு மணிக்கு இறங்கும் அத்தைக்கு வெளியே இன்னும் கும்மிருட்டு. "மணி ஆறுன்னாங்க, விடியவே இல்லையே" என்று அங்கிருந்து போன் வரும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். வந்தது.

இந்தப் படியில் இன்னொரு ஆபத்து நள்ளிரவு. சித்தப்பா ஒருவர் டிக்கெட்டில் '15-ஆம் தேதி, 00.35' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, 15-ஆம் தேதி இரவு சாப்பாடெல்லாம் முடித்து, பெட்டிக்குக் கயிறு கட்டி, ஒன்பதரைக்கு விமான நிலைய வாசலில் போய் நின்றார். காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "சார், இது நேத்து ராத்திரியே போயிடுச்சு" என்றார். 15-ஆம் தேதி 00.35 என்றால் 14-ஆம் தேதி இரவு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். நம் பேச்சில் அது '14 ராத்திரி'. அட்டவணையில் அது 15. நள்ளிரவு 12 முதல் அதிகாலை 4 வரை கிளம்பும் விமானம் என்றால் நாட்காட்டியில் முந்தைய நாள் கட்டத்தில் 'இன்று இரவு கிளம்பணும்' என்று எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: நடுவில் இறங்கி ஏறினால்

கோலாலம்பூர் விமான நிலையம் நம் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றேன் இல்லையா? சென்னை – கோலாலம்பூர் சுமார் 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 300. கூட்டினால் நேர்வழியைவிட ஐந்து கி.மீ. கூட அதிகமில்லை. ஆனால் நேரம்? இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறினால் நாலே கால் மணி நேரப் பயணம் எட்டு மணி நேரத்தைத் தொடும். கொழும்பு வழி என்றால் தூரம் சுமார் 3,400 கி.மீ., நேரம் அதே கதைதான். ஆக, இணைப்பு விமானத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், நடுவில் உட்காரும் நேரத்தைப் பாருங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் இரண்டு மணி நேர இடைவெளி எனக்குப் போதும். தனித்தனி டிக்கெட் என்றால் குடியேற்ற வரிசை, பெட்டி எடுப்பது, மறுபடி ஒப்படைப்பது எல்லாம் நம் தலையில். நாலைந்து மணி நேரத்துக்குக் குறைந்து நான் போட மாட்டேன். நடுவில் உள்ள நாட்டுக்குள் நுழைய விசா வேண்டுமா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வீட்டிலிருந்து வீட்டுக்கு

அத்தை வீடு வண்ணாரப்பேட்டை. போகிற இடம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பகுதியில், தேக்காவில் மகள் வீடு. எல்லாவற்றையும் நம் நேரத்திலேயே எழுதினேன்.

மாலை 7.00: வீட்டில் கிளம்புவது. நீல வழித்தட மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து மாறாமல் விமான நிலையத்துக்கே போகிறது. ரயிலுக்கு முக்கால் மணி நேரம், இரு முனையிலும் நடக்கத் தலா கால் மணி.
இரவு 8.15: விமான நிலையத்துக்குள். மூன்று மணி நேரம் முன்னதாக என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை; வெளிநாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், நள்ளிரவில் குடியேற்ற வரிசையும் நீளும்.
11.15: கிளம்புகிறது.
3.30: சாங்கியில் நிற்கிறது. அங்கே மணி 6.00.
4.15: குடியேற்றம், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே. சிங்கப்பூரின் இணையவழி வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பியிருந்தால் இது சீக்கிரம் முடியும்.
5.10: ரயிலில் எக்ஸ்போ நிலையம் வந்து, டவுன்டவுன் வழித்தடத்துக்கு மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்குவது.

வாசலுக்கு வாசல் பத்து மணி பத்து நிமிடம். அதில் வானத்தில் இருந்தது 3 மணி 50 நிமிடம்.

இது அதிகம் என்று அத்தை முகம் சுளித்தபோது பக்கத்திலிருந்த தாத்தா சிரித்தார். அவர் இளவயதில் 'ரஜூலா' கப்பலில், சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் போனவர். ஒரு வாரம் பிடித்ததாம், அதில் முதல் மூன்று நாள் வாந்தி. கூட எடுத்துப் போன ஊறுகாய் மட்டும்தான் உள்ளே இறங்கியது என்றார். அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து போய் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.